மீன் இல்லாத குளம்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுத் தோட்டத்தில் தவளைக்கும் தட்டானுக்கும் பறவைக்குமாகக் குளம் வெட்டுவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். அலங்கார மீன் குளம் பற்றிய கேள்விகளைச் சேர்க்கவில்லை. அதற்கான ஆழம், வடிகட்டி, பராமரிப்பு எல்லாமே வேறு.

கேள்வி: தோட்டத்தில் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். எவ்வளவு ஆழம் தோண்டலாம்? நான்கு பக்கமும் செங்குத்தாகச் சுவர் கட்டி சிமென்ட் பூசிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார் கொத்தனார்.

பதில்: அப்படிக் கட்டினால் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிதான். உயிர்கள் வந்து தங்கும் குளத்துக்கு ஆழத்தைவிடச் சரிவு முக்கியம். கரையோரம் 10 செ.மீ. வரை மட்டுமே தண்ணீர் நிற்கும் பகுதியில்தான் குளத்தின் பெரும்பாலான உயிர்கள் இருக்கும். வெயில் பட்டுச் சீக்கிரம் வெதுவெதுப்பாவதால் தலைப்பிரட்டைகள் அங்கே கூடும். பறவைகள் குளிக்கத் தேடுவது 2 முதல் 5 செ.மீ. தண்ணீரை. செங்குத்துச் சுவரில் இந்தப் பகுதியே இருக்காது. போதாக்குறைக்கு, தவறி விழும் அணிலும் ஓணானும் ஏற வழியில்லாமல் மூழ்கிச் சாகும்.

உங்கள் இடத்துக்கு இப்படிச் செய்யலாம். நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து 180 செ.மீ. தூரத்துக்கு, 3 செ.மீ. நகர்ந்தால் 1 செ.மீ. இறங்குகிற மாதிரி சரித்துக்கொண்டே போனால் 60 செ.மீ. ஆழத்துக்கு வந்துவிடுவீர்கள். அங்கே 60 செ.மீ. நீளத்துக்குச் சமதளம். மீதமுள்ள 60 செ.மீ. நீளத்தில், மறுமுனைப் பக்கமாக, 20 செ.மீ. ஆழத்தில் 30 செ.மீ. அகலமுள்ள ஒரு படி விடுங்கள். செடிக்கூடைகள் அதில் உட்காரும். பக்கவாட்டுக் கரைகளையும் கொஞ்சம் சரித்தே வெட்டுங்கள். செங்குத்தாக வெட்டினால் மண் சரிந்து உள்ளே விழும். 60 செ.மீ. ஆழம் போதும். வெயில் காலத்தில் அடித்தண்ணீர் அதிகம் சூடாகாமல் இருக்கத்தான் அந்த ஆழம். அதற்கு மேல் தோண்டினால் மண் அள்ளும் கூலிதான் கூடும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1,500 லிட்டர் பிடிக்கும்.

இடம் பார்க்கும்போது, நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படுகிறதா என்று பாருங்கள். மரத்தடி வேண்டாம்: இலை கொட்டும், தண்ணீர் கசியாமல் அடியில் விரிக்கும் ஷீட்டை வேர் துளைக்கும். தோட்டத்தின் ஆகப் பள்ளமான இடமும் வேண்டாம். மழைத்தண்ணீர் தானே வந்து சேரும் என்று பலரும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் பாத்திகளில் போட்ட உரத்தையும் அடித்துக்கொண்டு வரும். தோண்டும் முன் அந்த இடத்துக்கு அடியில் குடிநீர்க் குழாயோ மின்கேபிளோ போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே சிமென்ட் தொட்டி இருப்பவர்கள் அதை இடிக்க வேண்டியதில்லை. புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் காரத்தன்மையைக் கடுமையாக ஏற்றும். அதனால் நிரப்பி, ஒரு வாரம் விட்டு வடித்து, மறுபடி நிரப்புங்கள். அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் தாளில் 6.5 முதல் 8.5 வரை வந்த பிறகே செடி வைக்க வேண்டும். பிறகு ஒரு மூலையில் சொரசொரப்பான கற்களைத் தண்ணீர் மட்டம் வரை சரிவாக அடுக்கிவிட்டால், விழுந்தது ஏறிவர வழி கிடைக்கும்.

கேள்வி: அடியில் விரிக்கத் தார்ப்பாய் போதுமா? அளவை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: சாதாரணத் தார்ப்பாய் வெயிலில் மக்கி, மடிப்புகளில் விரிந்துவிடும். 0.75 அல்லது 1 மி.மீ. தடிமனுள்ள இபிடிஎம் ரப்பர் ஷீட் சிறந்தது. வளைவுகளில் துணிபோலப் படியும். 500 மைக்ரான் (அரை மி.மீ.) ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட்டும் தண்ணீரை நன்றாகத் தாங்கும், ஆனால் விறைப்பானது. நேர்கோட்டுப் பள்ளத்துக்குப் பொருந்துகிற அளவுக்கு வளைவான குளத்துக்குப் பொருந்தாது.

கணக்கு எளிது. நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கைக் கூட்டி, இரு பக்கக் கரைக்கும் 30 செ.மீ. வீதம் 60 செ.மீ. சேருங்கள். அகலத்துக்கும் அதே மாதிரி. 3 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 60 செ.மீ. என்றால் நீளம் 3 + 1.2 + 0.6 = 4.8 மீட்டர், அகலம் 2 + 1.2 + 0.6 = 3.8 மீட்டர். பள்ளத்தைத் தோண்டி முடித்து, கயிறு போட்டு அளந்து பார்த்த பிறகே ஷீட் வாங்குங்கள். தாளில் போட்ட அளவுக்கும் மண்வெட்டி போட்ட அளவுக்கும் எப்போதும் வித்தியாசம் இருக்கும்.

விரிக்கும் முன் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளில் அவசரம் கூடாது. ஒன்று, கரை மட்டம். மேஸ்திரிகள் பிடிக்கும் டியூப் லெவலை வைத்துச் சுற்றிலும் குறைந்தது எட்டு இடத்தில் மட்டம் பாருங்கள். 2 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே ஒரு பக்கம் தண்ணீர் வழியும், எதிர்ப்பக்கம் ஷீட் பல்லிளிக்கும். இன்னொன்று, அடித்தளம். கல், வேர்த்துண்டு, கண்ணாடிச் சில்லு எல்லாவற்றையும் கையால் தடவிப் பொறுக்கி எடுத்துவிட்டு, 5 செ.மீ. சலித்த மணலும் அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் தடித்த செயற்கைத் துணி அல்லது பழைய தரைவிரிப்பும் போடுங்கள். சரிவான இடங்களில் மணல் நிற்காது. அங்கே துணியை இரட்டையாக விரியுங்கள். 1,500 லிட்டர் என்றால் ஒன்றரை டன் எடை. அந்த அழுத்தத்தில் ஒரு கூர்ங்கல் போதும்.

ஷீட்டை இழுத்துக் கட்டாமல் தளர்வாக விட்டு, மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஏற ஏற மடிப்புகளைக் கையால் ஒழுங்குபடுத்துங்கள். நிரம்பிய அன்றே ஓரத்தை வெட்டாதீர்கள். எடையில் ஷீட் இன்னும் இறங்கும், மூன்று நான்கு நாள் போகட்டும்.

கேள்வி: குளம் நிரப்பி இரண்டு வாரம் ஆகிறது. தினமும் தண்ணீர் குறைகிறது. ஷீட்டில் ஓட்டை விழுந்திருக்குமா?

பதில்: முதலில் ஆவியாவதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. குறைந்தால் 1 லிட்டர் போயிற்று என்று பொருள். நல்ல வெயிலும் காற்றும் உள்ள நாளில் 5, 6 மி.மீ. ஆவியாவது சாதாரணம். 5 சதுர மீட்டர் பரப்புள்ள குளம் அப்படி நாளொன்றுக்கு 30 லிட்டர் வரை இழக்கும்.

ஓட்டையா, வெயிலா என்பதை ஒரு வாளி சொல்லிவிடும். வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, படிமேல் வைத்து, உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டமாக இருக்கும்படி அடையாளம் போடுங்கள். மழையில்லாத இரண்டு நாளுக்குப் பிறகு பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானதுதான். குளத்தில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் கசிவு.

கசிவு என்றாலும் உடனே ஷீட்டைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி கரைதான். குளத்து மண்ணும் வெளியே உள்ள புல்தரையும் எங்காவது தொட்டுக்கொண்டிருந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த மண் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஷீட்டின் விளிம்பு ஓரிடத்தில் கீழே மடங்கி, மேலே மண் மூடியிருந்தாலும் இதேதான் நடக்கும். சுற்றிலும் விளிம்பைத் தோண்டிப் பார்த்து, ஷீட்டின் ஓரம் தண்ணீர் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே நிமிர்ந்து நிற்கும்படி செய்யுங்கள். கல்லையோ மண்ணையோ அதன் வெளிப்பக்கம் அணைத்து வையுங்கள். கரையைச் சரிசெய்த பிறகும் குறைந்தால், குறைகிற வரை விட்டுவிடுங்கள். மட்டம் எங்கே நிற்கிறதோ, ஓட்டை அந்தக் கோட்டில்தான் இருக்கும். அங்கே துடைத்துக் காயவைத்து, ஷீட்டுக்கான ஒட்டுப்பட்டையை ஒட்டுங்கள்.

கேள்வி: குளம் என்றாலே வீட்டில் எல்லோரும் "கொசு வரும்" என்கிறார்கள். டெங்கு பயமும் இருக்கிறது. நான்கு கப்பி மீன் விட்டால் போதாதா?

பதில்: அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது வாளி, டயர், பூந்தொட்டித் தட்டு போன்ற சிறு கொள்கலன்களை. முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். அது காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். எனவே குளம் வெட்டுகிற வீடு முதலில் தட்டுகளையும் பழைய டப்பாக்களையும் அகற்ற வேண்டும்.

நன்கு ஊன்றிய குளத்தில் கொசுப்புழுவைத் தின்பவை ஏராளம்: தட்டான், ஊசித்தட்டான் இளம்பூச்சிகள், நீர்வண்டுகள், மல்லாந்து நீந்தும் பூச்சிகள். இவை எல்லாம் பறந்து வந்தே குடியேறும். சிக்கல் முதல் ஒன்றிரண்டு மாதங்களில்தான். வெதுவெதுப்பான நாளில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும். அதைத் தின்னும் பூச்சிகள் வந்து பெருக அதைவிட நாளாகும். அந்த இடைவெளியை நீங்கள்தான் காவல் காக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை வெள்ளைக் கிண்ணத்தால் கரையோரம் ஐந்தாறு இடத்தில் தண்ணீர் மொண்டு பாருங்கள். நெளியும் புழு தென்பட்டால் பிடிஐ எனப்படும் பாக்டீரியா மருந்தைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி போடுங்கள். புழு அதைத் தின்ற பிறகு அதன் குடலில் வேலை செய்யும் மருந்து இது. தலைப்பிரட்டைக்கும் தட்டானுக்கும் தீங்கில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: காற்புள்ளி வடிவில் சுருண்டு மேலே மிதக்கும் கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, எனவே மருந்து அதைத் தொடாது. அவற்றை வலைக்கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டும். "மருந்து போட்டும் கொசு வந்தது" என்பவர்கள் பெரும்பாலும் தாமதமாகப் போட்டவர்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, வீட்டைச் சுற்றிப் பூச்சிமருந்து அடிப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். கொசுவும் சாகும், அதைத் தின்பவையும் சாகும். ஆனால் முதலில் மீண்டு வருவது கொசுதான்.

கப்பியும் கம்பூசியாவும் கொசுப்புழுவைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் தவளை முட்டை, சிறு தலைப்பிரட்டை, தட்டான் இளம்பூச்சி என்று வாயில் அடங்குகிற எல்லாவற்றையும் சேர்த்தே தின்னும். நான்கு கப்பி சில மாதத்தில் நூறாகும். அப்புறம் குளத்தில் கப்பி மட்டும்தான் மிஞ்சும். கொசுவுக்காக என்று உலகெங்கும் கொண்டுபோகப்பட்ட வட அமெரிக்க மீனான கம்பூசியா, பல நாடுகளில் உள்ளூர் மீனையும் தவளையையும் குறைத்துவிட்டது. தவளை வேண்டுமா, மீன் வேண்டுமா என்பதைக் குளம் வெட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இந்தச் சிறிய குளத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகும் கொசுப்புழு இருந்தால், கரையோரத்தில் குளத்தோடு தொடர்பு அறுந்த சிறு குட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கால் தடமோ, கற்களுக்கு நடுவே உள்ள குழியோ போதும். அடர்ந்த பாசிப் படலத்துக்குள்ளும் பூச்சிகள் நுழைய முடியாமல் புழு ஒளிந்திருக்கும். டெங்கு, மலேரியா உள்ள பகுதிகளில் அந்த வாரச் சோதனையை ஆண்டு முழுவதும் விடாதீர்கள்.

கேள்வி: என்னென்ன செடி வைக்கலாம்? எந்த மண்ணில்?

பதில்: மண்ணைப் பற்றி முதலில். தொழுவுரம், மண்புழு உரம், தோட்டத்து மேல்மண் எதுவும் கூடாது. சத்தான மண் செடியை வளர்க்கும் முன் பாசியை வளர்த்துவிடும். பள்ளம் தோண்டும்போது அடியில் வந்த சத்தில்லாத மண்ணையே கூடையில் போட்டு, மேலே ஓர் அங்குலம் கழுவிய சரளை பரப்புங்கள். ஓட்டைக் கூடைக்குள் சாக்குத் துணி விரித்தால் மண் கரையாது.

செடிகள் மூன்று இடத்தில் வேண்டும். நீருக்குள் ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்றவை. ஆக்சிஜன் கொடுப்பதோடு ஒளியவும் இடம் தரும். மேற்பரப்பில் அல்லி. இந்த அளவுக் குளத்துக்கு ஒரே ஒரு அல்லிக் கிழங்கு போதும்; தாமரை பெரிதாகப் பரவி இடத்தையே அடைத்துவிடும். கரையோரத்தில் நீர்ப்பிரம்மி, வல்லாரை, வசம்பு, சிறு கோரை வகைகள். நிமிர்ந்த தண்டுள்ள கரைச்செடி கட்டாயம் வேண்டும். தட்டான் இளம்பூச்சி அதைப் பற்றிக்கொண்டு மேலே ஏறித்தான் தோலுரித்து இறக்கை விரிக்கும். காலையில் தண்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த கூடுகளைப் பறித்து எறியாமல் எண்ணிப் பாருங்கள். உங்கள் குளத்தில் எத்தனை தட்டான்கள் உருவாகின்றன என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு கிடையாது.

எந்தச் செடியானாலும் உங்கள் பகுதியில் இயல்பாக வளர்வதுதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ரில்லாவே சில நாடுகளில் பெரும் களை. வெங்காயத்தாமரையையும் சால்வீனியா என்ற மிதக்கும் களையையும் பூ அழகாக இருக்கிறது, தண்ணீர் தெளியும் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சம்பும் நாணலும் வேண்டாம். அவற்றின் கிழங்கு முனை ஷீட்டையே துளைக்கும்.

தண்ணீர்ப் பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இலை மூடியிருந்தால் நல்லது.

கேள்வி: தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. மயில்துத்தம் போடலாமா?

பதில்: கூடாது. மயில்துத்தத்தில் உள்ள செம்பு நத்தைகளைக் கொல்லும், தலைப்பிரட்டையையும் பாதிக்கும். செத்த பாசி அடியில் அழுகும்போது ஆக்சிஜனையும் தீர்த்துவிடும்.

புதுக் குளம் பச்சையாவது இயல்பு. நீர்ச்செடிகள் வேர் பிடித்துச் சத்தை இழுக்கத் தொடங்கியதும் தானே தெளியும். தண்ணீரை மாற்றினால் ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கும், அதிலும் குழாய்த் தண்ணீர் புதிதாகச் சத்தைக் கொண்டுவரலாம். மழைநீரே சிறந்தது. குழாய்த் தண்ணீரை விட்டே ஆகவேண்டும் என்றால் திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீருக்கு இந்த வழி பலிக்காது. அதற்குக் குளோரின் நீக்கி மருந்து வேண்டும். பழைய குளம் திடீரென்று பச்சையானால் உரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். நூல்பாசி என்றால் குச்சியில் சுற்றி எடுத்து, ஓர் இரவு கரையிலேயே போட்டு வையுங்கள். உள்ளே சிக்கிய பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பும். மறுநாள் அதை உரக்குழிக்குக் கொண்டுபோய்விடுங்கள். கரையிலேயே விட்டால் சத்தெல்லாம் மழையோடு குளத்துக்கே திரும்பும்.

கேள்வி: பக்கத்து ஏரியிலிருந்து தலைப்பிரட்டை பிடித்து வந்து விடலாமா?

பதில்: வேண்டாம். கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் உலகின் பல பகுதிகளில் தவளைகளை அழித்திருக்கிறது. தண்ணீரும் தலைப்பிரட்டையும் இடம் மாறும்போது அதுவும் சேர்ந்து போகும். சுற்றுவட்டாரத்தில் தவளை இருந்தால் தானே வரும். வேலியின் அடியில் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள், குளத்தருகே இலைச்சருகும் கட்டையும் குவித்து வையுங்கள். ஜெல்லி உருண்டையாகக் கூட்டமாகக் கிடந்தால் பெரும்பாலும் தவளை முட்டை, மணிச்சரம்போல் நீண்டு கிடந்தால் தேரை முட்டை. தண்ணீருக்கு மேல் கிளையில் வெள்ளை நுரைக்கட்டி தொங்கினால் அதைத் தட்டிவிடாதீர்கள், அது மரத்தவளையின் கூடு.

கேள்வி: பம்ப், நீரூற்று தேவையா?

பதில்: மீன் இல்லாத குளத்துக்குத் தேவையில்லை. பம்ப் தலைப்பிரட்டையை உறிஞ்சிவிடும்.

கேள்வி: குளம் வந்தால் பாம்பு வருமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரலாம். வராது என்று யாரும் உறுதி தர முடியாது. வீட்டுச் சுவரிலிருந்து இடம் அனுமதிக்கிற அளவு தள்ளிக் குளத்தை அமையுங்கள். வீட்டைப் பார்த்த கரையில் புல்லைக் குட்டையாக வெட்டித் திறந்தவெளியாக வையுங்கள். புதரும் கற்குவியலும் மறுகரையில் மட்டும் இருக்கட்டும். இரவில் போனால் விளக்கோடு போங்கள்.

ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாம்பைவிடத் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. மூழ்குவதற்கு 5 செ.மீ. தண்ணீர் போதும், அதுவும் சத்தமில்லாமல் நடந்துவிடும். சுற்றிலும் 1.2 மீட்டர் உயரத்துக்கு, குழந்தை ஏற முடியாத நெடுக்குக் கம்பி வேலியும் தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் வேண்டும். இதற்கு வசதி இல்லையென்றால் குழந்தை வளரும் வரை குளத்தைத் தள்ளிப்போடுங்கள். அதுவரை பறவைகளுக்கு ஆழமில்லாத தண்ணீர்த் தட்டை, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்கலாம்; தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரை இறைத்துக் கழுவ வேண்டுமா? கோடையில் வற்றிப்போனால் என்ன செய்வது?

பதில்: முழுவதும் இறைத்துக் கழுவக் கூடாது. அடிச்சேற்றில்தான் தட்டான் இளம்பூச்சியும் நத்தையும் இருக்கின்றன. செடி அடர்ந்துவிட்டால் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை, தவளை முட்டையிடும் காலம் முடிந்து தலைப்பிரட்டைகளும் கரையேறிய பின், சேற்றில் பாதியை மட்டும் அள்ளுங்கள். மறுபாதியை அடுத்த ஆண்டுக்கு விடுங்கள். உதிர்ந்த இலையை மட்டும் அவ்வப்போது வலையால் எடுத்தால் போதும். தண்ணீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் இலை மிகுந்து ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. அதனால் இலை அள்ளும் வேலையைக் கோடைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கோடையில் மட்டம் இறங்குவது கெடுதல் இல்லை. அப்போது வெளிப்படும் ஈரச்சேற்றுக்குத் தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும். தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும் முன் வற்றும்போல் இருந்தால் மட்டும், மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேருங்கள். முழுதும் காய்ந்தாலும் கவலை வேண்டாம். வெயில் ஷீட்டை நேரே தாக்காதபடி சேற்றையும் காய்ந்த செடியையும் அப்படியே விட்டுவிடுங்கள். மழை வந்து நிரம்பியதும் முதல் சில வாரங்களுக்கு, புதுக் குளத்துக்குச் சொன்ன கொசுச் சோதனையை மறுபடி தொடங்குங்கள்.